போர்முனை வைத்தியர் நோயல் ஷவாஸ்

பண்டைத் தமிழ்ப் புலவர் போரைப் பாடியபோது வாள் வீசியவனை மட்டும் பாடி அமைந்தாரல்லர். புண்பட்டு மீண்டவனையும் அவன் மனையையும் பாடினர். விழுப்புண்பட்ட வீரன் கிடக்கும் இல்லத்தில் வேப்பிலை செருகி, வெண்சிறு கடுகைப் புகைத்து, யாழும் மணியும் ஒலிப்பக் காஞ்சிப் பண் பாடி அவனுயிரைக் காத்து நின்ற மகளிரைப் புறநானூறு நமக்குக் காட்டுகின்றது. வாடைக்காற்று வீசும் கூதிர்க்காலத்து நள்ளிரவிலே, விளக்கொளி முன்செல்லப் பாசறையில் நடந்து, புண்பட்டோரைக் கண்டு தேற்றும் பாண்டிய மன்னனை நெடுநல்வாடையிற் காண்கின்றோம். நெடிய வெள்ளூசியாற் புண் தைக்கப்பெற்ற தழும்புடைய மார்பினரைப் பதிற்றுப்பத்துப் புகழும். ஆயினும் அவ்வூசியைப் பிடித்த கை எவருடையது என்பதைப் பாட்டு நமக்குச் சொல்வதில்லை. புண்ணுக்குக் கிடைத்த புகழ் அதனைத் தைத்தவனுக்குக் கிடைத்திலது.

பிற நாடுகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. முதலாம் உலக மகாயுத்தத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்களை அடுக்கினால் ஒரு நூல்நிலையமே நிறையும். அவற்றுட் பெரும்பாலானவை தளபதிகளையும் பீரங்கிகளையும் பற்றியன. எனினும் அந்த யுத்தத்திலே, பிரித்தானியச் சேனையின் மிகவுயர்ந்த வீரப்பதக்கமாகிய விக்டோரியாச் சிலுவையை ஒருமுறையன்றி இருமுறை பெற்றவர் ஒரு வைத்தியர் என்பது பலர் அறியாத செய்தி. அவர் பகைவன்மேற் குண்டொன்றும் எறிந்து அப்பெருமையை ஈட்டினாரல்லர். அவர் பெயர் நோயல் ஷவாஸ். அவர் என்ன செய்தார், எவ்வாறு இறந்தார் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், அக்காலத்துப் போர்முனை வைத்தியரின் தொழில் எத்தகையது என்பதையும் உடன் அறிந்துகொள்ளல் வேண்டும்.

1884ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் திகதி இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரிலே இரட்டைப் பிள்ளைகள் பிறந்தனர். முன்பிறந்தவர் கிறிஸ்தோபர், சிறிது நேரத்தின் பின் பிறந்தவர் நோயல். தந்தையார் பிரான்சிஸ் ஜேம்ஸ் ஷவாஸ் ஒரு குருவானவர். 1900ஆம் ஆண்டிலே இலிவர்ப்பூல் நகரின் அத்தியட்சராக நியமனம் பெற்றவர். அந்நகரில் இன்று விண்ணளாவ நிற்கும் பேராலயத்தின் கட்டுவேலை அவர் காலத்திலேயே தொடங்கியது. பிள்ளைகள் இருவரும் இலிவர்ப்பூல் கல்லூரியிலும், பின்னர் ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையின் திரித்துவக் கல்லூரியிலும் பயின்றனர். இருவரும் ஓட்ட வீரர். 1908ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற ஒலிம்பிக் பந்தயங்களில் 400 மீற்றர் ஓட்டத்தில் இருவருமே ஓடினர். முதற்சுற்றுக்கு அப்பால் இருவரும் செல்லவில்லை. கல்வியில் நோயல் உடற்றொழிலியலில் 1907ஆம் ஆண்டிலே முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். பின்னர் இலிவர்ப்பூலில் வைத்தியம் பயின்று, 1912ஆம் ஆண்டிலே வைத்தியராகப் பதிவுபெற்றார். மாணவப் பருவத்தில், அந்நகரின் கிராஃப்டன் வீதியில் இருந்த ஏழைச் சிறுவர் கைத்தொழிற் பாடசாலைக்குச் சென்று, அச்சிறுவருக்கு விளையாட்டும் வேதபாடமும் கற்பித்தார். பின்னாளில் அவர் படையிலே கூலியாட்களுடனும் எழுதுவினைஞருடனும் ஒருங்கே பழக வல்லவராயிருந்ததற்கு இப்பயிற்சியே காரணமென்று கருத இடமுண்டு.

அவருக்கு வாய்த்த ஆசிரியரைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். எலும்பு முறிவு வைத்தியத்திற் பெரும்புகழ் பெற்ற ரொபேட் ஜோன்ஸ் என்பாரின் கீழ் அவர் பயின்றார். ஜோன்ஸின் உறவினர் ஹியூ ஓவென் தோமஸ். தலைமுறை தலைமுறையாக எலும்பு பொருத்தும் நாட்டுவைத்தியர் குடும்பத்தில் வந்தவர் அவர். நம் நாட்டு முறிவு வைத்தியர் பரம்பரைகளை அறிந்தோருக்கு இது வியப்பாக இராது. அவர் இலிவர்ப்பூலின் ஏழைத் தொழிலாளருக்கு வைத்தியம் செய்கையில், காலை நீட்டி இழுத்து அசையாது பிடித்து வைக்கும் ஓர் இரும்புச் சட்டத்தை அமைத்தார். அவர் வாழ்ந்த நாளிற் கற்றறிந்த வைத்தியருட் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1891ஆம் ஆண்டில் அவர் இறந்தார். கால் நூற்றாண்டு கழித்து மகாயுத்தத்திலே அச்சட்டமே ஆயிரமாயிரம் உயிர்களைக் காத்தது. யுத்தத் தொடக்கத்தில், தொடையெலும்பு குண்டினால் நொறுங்கியவருள் நூற்றுக்கு எண்பதின்மர் வரை இறந்தனர் என்பர். முறிந்த எலும்பின் கூர்முனை ஒவ்வோர் அசைவிலும் தசையைக் கிழிக்க, இரத்தம் உள்ளேயே பெருகி, அதிர்ச்சியால் உயிர் போகும். தோமஸ் சட்டத்தை அடிபட்ட இடத்துக்கு அண்மையிலேயே பூட்டும் வழக்கம் 1917ஆம் ஆண்டளவிற் பரவியபின், இத்தொகை நூற்றுக்கு இருபதுக்கும் கீழே இறங்கியது. மருந்தன்று, சத்திரமுமன்று, ஓர் இரும்பு வளையமும் இரு கம்பிகளும் செய்த வேலை இது.

1913ஆம் ஆண்டிலே நோயல் ஷவாஸ் அரச இராணுவ வைத்தியப் படையிற் சேர்ந்து, இலிவர்ப்பூல் ஸ்கொட்டிஷ் எனப்படும் தொண்டர் பட்டாளத்துக்கு வைத்தியராக இணைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு யுத்தம் மூண்டது. 1914ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அப்பட்டாளம் பிரான்சுக் கரையில் இறங்கி, பெல்ஜியத்தின் ஈப்பர் நகரை அண்டிய போர்முனைக்குச் சென்றது.

பட்டாளமென்பது அக்காலத்தில் ஏறக்குறைய ஆயிரம் பேர் கொண்டது. அந்த ஆயிரம் பேருக்கும் வைத்தியர் ஒருவரே. அவருக்குக் கீழே தூக்குப்படுக்கை காவுவோர் பதினாறு பேர்; சமாதான காலத்தில் குழலும் முரசும் இசைத்த வாத்தியக்காரரே பெரும்பாலும் யுத்த காலத்தில் இவ்வேலைக்கு விடப்படுவர். அகழிகளுக்குச் சில நூறு யார் பின்னே, இடிந்த வீட்டின் நிலவறையிலோ நிலத்தைக் குடைந்த பொந்திலோ வைத்தியரின் நிலையம் இருக்கும். அங்கே இரத்தத்தை நிறுத்துதல், புண்ணைக் கட்டுதல், முறிந்த உறுப்பை அசையாது பிணித்தல், நோவு தணிய மோர்பியா ஏற்றுதல் என்பனவே நடைபெறும். அங்கிருந்து வேறொரு பிரிவினர் காயப்பட்டவரை முன்னணிக் கட்டுநிலையத்துக்குக் காவிச் செல்வர். அப்பால் குதிரை வண்டியோ மோட்டார் அம்புலன்சோ அவரைச் சில மைல் தொலைவிலுள்ள சத்திர நிலையத்துக்குக் கொண்டுசெல்லும். கூடாரங்களும் பலகைக் கொட்டில்களுமாக அமைந்த அந்நிலையங்களிலேதான் முதன்முதலாகச் சத்திரவைத்தியரும் தாதிமாரும் இருப்பர். அதன்பின் புகையிரதம், பின்னர் கடற்கரையோரப் பெருவைத்தியசாலை, பின்னர் கப்பல். இச்சங்கிலியின் பிற்கண்ணிகள் யாவும் நன்றாகவே அமைந்திருந்தன. நலிந்திருந்தது முதற்கண்ணி ஒன்றே. அகழியிலோ இரு சேனைகளுக்கும் இடைப்பட்ட வெற்றுநிலத்திலோ வீழ்ந்து கிடப்பவனை வைத்தியர் நிலையம்வரை கொணரும் அந்தச் சில நூறு யார் தூரமே காயப்பட்டவனின் விதியை நிர்ணயித்தது. இனி வருவதெல்லாம் அந்தத் தூரத்தைப் பற்றிய கதையே.

யுத்தமென்றால் குண்டுக் காயமே வைத்தியரின் கவலையென்று எண்ணுதல் தவறு. முதல் மாரிக்காலத்தில் ஷவாஸின் பட்டாளத்தைப் பாதிக்கு மேல் தளர்த்தியது பகைவனன்று, குளிரும் ஈரமுமேயாம். பிளாண்டர்சு சமவெளி கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்நிலம். இரண்டு மூன்று அடி தோண்டினால் நீர் ஊறும். முழங்கால்வரை சேற்றுநீரில் நாட்கணக்காய் நின்ற வீரரின் பாதங்கள் வீங்கி, மரத்து, கறுத்து, சிலவேளை அழுகியும் போயின. இதனை அகழிப் பாதம் என்றனர். இதற்குப் பரிகாரம் எளியது, நடைமுறையோ கடினமானது. நாள்தோறும் சப்பாத்தைக் கழற்றிப் பாதத்தைத் துடைத்து, திமிங்கில எண்ணெய் பூசி, உலர்ந்த காலுறை அணிதல் வேண்டும். குண்டு விழும் அகழியில் உலர்ந்த காலுறைக்கு எங்கே போவது? ஷவாஸ் தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் பல இன்றும் உள்ளன. தம் ஆட்களுக்கு வேண்டிய பொருள்களை அவர் அக்கடிதங்களிற் கேட்டபடியே இருந்தார். வைத்தியர் காலுறை கேட்டு எழுதுவதா என்று நகைப்போர் இருக்கலாம். ஆனால் அந்த மாரியில் அதனினும் சிறந்த மருந்து எதுவும் இருக்கவில்லை.

அந்நிலத்திற்கு இன்னுமொரு கொடுமை இருந்தது. தலைமுறை தலைமுறையாகச் சாணமும் எருவும் இட்டுப் பண்படுத்திய கழனி அது. உழவனுக்கு உயிர் கொடுத்த அந்த எருவே காயத்துக்கு நஞ்சாயிற்று. குண்டுச் சிதறல் உடலிற் பாயும்போது, சேறு தோய்ந்த உடைத் துணியையும் புண்ணுக்குள் இழுத்துச் செல்லும். அம்மண்ணில் வாழும் கிருமிகளால் ஏற்புவலியும், தசைக்குள்ளே வாயு பொங்கி அழுகும் கொடிய புண்ணும் உண்டாயின. பெனிசிலின் அன்று இல்லை. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த ஏற்புவலி எதிர்மருந்தைக் காயப்பட்டவருக்கெல்லாம் ஏற்றும் வழக்கம் விரைவில் ஏற்பட்டது. ஏற்றியதற்கு அடையாளமாக, அழியாத பென்சிலால் 'ரி' என்னும் ஆங்கில எழுத்தை அவர் உடலில் எழுதிவிடுவர். ஏற்புவலி குறைந்தது. தசையழுகலுக்கோ, புண்ணை விரைவிற் பிளந்து, செத்த தசையை முற்றாக வெட்டியெறிதலே வழி. இங்கே 'விரைவில்' என்ற சொல்லே முதன்மையானது. வெற்றுநிலத்தில் ஒருநாள் கிடந்தவனைச் சத்திரவைத்தியர் எத்துணைத் திறமையாளராயினும் காத்தல் அரிது.

போர்முனை வைத்தியர் தாங்க வேண்டிய மற்றொரு பாரமும் உண்டு. காலையில் நோயெனச் சொல்லி வரிசையில் நிற்போரைப் பார்த்து, இவன் உண்மையாகவே நோயாளி, இவன் பாசாங்கு செய்பவன் என்று தீர்த்தல் அவர் கடமை. அவர் ஒரே வேளையில் நோயாளியின் வைத்தியரும் சேனையின் உத்தியோகத்தரும் ஆவார். இவ்விரு பதவிகளும் ஒன்றோடொன்று மோதும் இடங்கள் பல. இடைவிடாத குண்டோசையால் மனங்குலைந்து நடுங்குவோரைக் கோழைகள் என்று தள்ளுவோர் சேனையில் மலிந்திருந்த காலம் அது. ஷவாஸ் அத்தகையோர் சிலரைத் தம் நிலையத்திலேயே சிறு பணிகளுக்கு வைத்துக்கொண்டு, அவர்கள் தேறும்வரை அகழியிலிருந்து காத்தார் என்று அவர் வரலாற்றை ஆய்ந்தோர் கூறுவர். இத்தகைய செயலுக்குச் சிலுவை எதுவும் வழங்கப்படுவதில்லை.

1915ஆம் ஆண்டு யூன் மாதம் 16ஆம் திகதி, ஈப்பருக்குக் கிழக்கேயுள்ள ஹூகே என்னுமிடத்தில் அவர் பட்டாளம் முதன்முதலாகப் பெருந்தாக்குதலில் இறங்கியது. சென்றவர் 542 பேர். அவர்களுள் 400 பேர் மாண்டோ காயமுற்றோ காணாமற்போயோ விட்டனர். ஒரே நகரத்து இளைஞரால் ஆன பட்டாளம் அது என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். இலிவர்ப்பூலின் எத்தனையோ வீதிகளில் ஒரேநாளிற் சாவுச் செய்தி வந்தது. ஷவாஸ் வெற்றுநிலத்தில் இறங்கி, உயிர் எஞ்சியோரைத் தேடித் தேடிக் கொணர்வித்தார். அச்செயலுக்காக இராணுவச் சிலுவை அவருக்கு வழங்கப்பட்டது.

அடுத்த ஆண்டு பட்டாளம் பிரான்சின் சொம் ஆற்றுப் போர்க்களத்துக்கு மாற்றப்பட்டது. 1916ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் திகதி கியெமோன் என்ற சிற்றூரைப் பிடிக்க முயன்று அது தோல்வியுற்றது. பகல் முழுதும் திறந்த வெளியிலே பகைவர் பார்வைக்கு முன்னே ஷவாஸ் காயப்பட்டோரைக் கவனித்தார். இரவு நான்கு மணிநேரம் பகைவரின் அகழிக்கு முன்னாலுள்ள நிலத்திற் காயமுற்றோரைத் தேடினார். மறுநாள் காவுவோன் ஒருவனை உடன்கொண்டு முன்னணிக்குச் சென்று, அவசர நிலையிலிருந்த ஒருவனை 500 யார் தூரம் குண்டுமழையின் நடுவே காவிவந்தார். வழியிற் குண்டுச் சிதறல் ஒன்று அவர் விலாவிற் பட்டது. அன்றிரவே, தாமாக முன்வந்த இருபது பேருடன் மீண்டும் சென்று, பகைவரின் அகழிக்கு 25 யார் தூரத்தில் ஒரு குண்டுப் பள்ளத்திற் கிடந்த மூவரை மீட்டார். இறந்த உத்தியோகத்தர் இருவரை அடக்கம் செய்தார். மாண்டோரின் கழுத்திலிருந்த பெயர்த்தகடுகளைத் திரட்டினார். 25 யார் என்பது ஒரு பாடசாலை மண்டபத்தின் நீளத்துக்குச் சிறிதே மிகுந்தது. இருமினாற் கேட்கும் தூரம். பெயர்த்தகடு திரட்டுதல் வைத்தியரின் வேலையா என்று கேட்கலாம். அத்தகடு கிடைக்காதவனின் தாய், மகன் இறந்தானோ சிறைப்பட்டானோ என்று அறியாது ஆண்டுக்கணக்காய் வாசலைப் பார்த்திருப்பாள். அதனை அவர் அறிந்திருந்தார். அவ்விரு நாட்களிலும் கடுங்காயமுற்ற இருபது பேரளவில் அவரால் உயிர்பிழைத்தனர் என்று விக்டோரியாச் சிலுவைக்கான அரச அறிவித்தல் கூறுகின்றது. அவ்வறிவித்தல் 1916ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆம் திகதி வெளிவந்தது. 1917ஆம் ஆண்டு பெப்புருவரியில் மன்னர் ஐந்தாம் ஜோர்ஜ் சிலுவையைக் கையளித்தார்.

இவ்விடத்தில் ஒரு வினாவை ஒதுக்கிச் செல்லலாகாது. ஆயிரம் பேருக்கு ஒரே வைத்தியர். அவர் வெற்றுநிலத்தில் ஒருவனைத் தேடிச் சென்று மாண்டால், அன்றைய நாளிற் காயப்படப் போகும் நூறு பேரை யார் பார்ப்பது? வைத்தியர் தம் நிலையத்தில் இருக்கவேண்டும், காயப்பட்டோரைக் காவுவோர் கொணரவேண்டும் என்பதே சேனை வைத்திய நிருவாகத்தினரின் பொதுக்கருத்து. அதில் நியாயம் இல்லையென்று கூற முடியாது. பயிற்றப்பட்ட வைத்தியர் ஒருவரை உருவாக்க ஐந்தாறு ஆண்டுகள் செல்லும். யுத்தம் நீள நீள, நாட்டிலே வைத்தியருக்குப் பஞ்சமும் ஏற்பட்டது. ஆயின் மறுபக்கமும் உண்டு. காவுவோர் பதினாறு பேரிற் பாதிப்பேர் முதல் மணிநேரத்திலேயே வீழ்ந்துவிட்டால், நிலையத்தில் காத்திருக்கும் வைத்தியரிடம் எவரும் வரமாட்டார். மேலும், இருளிலே இருவர் கிடக்க ஒருவரை மட்டுமே காவ இயலும் வேளையில், எவனை முதலில் எடுப்பது என்று தெளிய வல்லவர் வைத்தியரே. எல்லாவற்றுக்கும் மேலாக, தான் வீழ்ந்தால் தன்னை எவரேனும் தேடி வருவர் என்ற நம்பிக்கை, அகழியினின்று எழும் சாதாரண வீரனுக்கு எவ்வளவு பெரிய ஊன்றுகோல்! கணக்கிட்டுப் பார்ப்பவன் நிலையத்திலே இருக்கச் சொல்வான். அவன் சொல்வது கணக்கின்படி சரியே. ஆனால் அக்கணக்கிலே, கைவிடப்பட்டவனின் அழுகுரலைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஏனைய ஆயிரம் பேரின் மனநிலை சேர்க்கப்படவில்லை. அதனைச் சேர்த்துப் பார்த்தால் ஷவாஸ் செய்தது வெறுந்துணிவன்று, அதுவும் வைத்தியமே என்பது புலனாகும்.

1917ஆம் ஆண்டு கோடையில் பட்டாளம் மீண்டும் ஈப்பர் முனையில் இருந்தது. அந்த ஆண்டு ஷவாஸ் குடும்பத்துக்குக் கொடியது. சகோதரர் நால்வர் சேவையில் இருந்தனர். இரட்டையரான கிறிஸ்தோபர் படைக் குருவானவர், பேர்ணாட் வைத்தியர், இளையவரான எய்டன் காலாட்படை உத்தியோகத்தர். யூலை மாதத் தொடக்கத்தில் எய்டன் ஈப்பருக்கு அண்மையில் இராக்காவலுக்குச் சென்று மீளவில்லை. அவர் உடல் கிடைக்கவேயில்லை. நோயலுக்கோ, கிளாடிஸ் என்னும் தம் மைத்துனியோடு திருமணம் நிச்சயமாகியிருந்தது.

யூலை 31ஆம் திகதி விடியற்காலையில், பின்னர் பாசெண்டேல் என்ற பெயரால் உலகம் நடுங்கக் கேட்ட பெரும்போர் தொடங்கியது. ஈப்பருக்கு வடகிழக்கேயுள்ள வீல்ட்யே என்ற ஊர்ப்பக்கமிருந்து இலிவர்ப்பூல் ஸ்கொட்டிஷ் முன்னேறியது. ஷவாஸ் பின்தொடர்ந்து, ஜேர்மானியரிடமிருந்து பிடிக்கப்பட்ட ஒரு நிலவறையில் தம் நிலையத்தை அமைத்தார். பகைவன் அமைத்த நிலவறைக்கு ஒரு குறை உண்டு. அதன் வாயில் பகைவன் பக்கமே பார்த்திருக்கும். முதனாளிலேயே அவர் தலையிற் குண்டுச் சிதறல் ஒன்று தாக்கியது. வீல்ட்யேயிலிருந்த கட்டுநிலையத்துக்கு நடந்து சென்று கட்டுப் போட்டுக்கொண்டார். அங்கேயே தங்கிப் பின்னே செல்லுமாறு கூறினர். அவர் கேளாது தம் நிலையத்துக்குத் திரும்பினார்.

அன்று பிற்பகல் மழை தொடங்கியது. அது பல நாட்கள் விடவில்லை. வாய்க்கால்களையும் வடிகால்களையும் பீரங்கிகள் முன்னரே சிதைத்துவிட்டமையால், நீர் வழிந்தோட இடமின்றி நிலம் முழுதும் குழம்பாயிற்று. ஒருவனைக் காவ வழமையாக நால்வர் போதும். அச்சேற்றிலோ ஆறு பேரும் எட்டுப் பேரும் வேண்டியிருந்தது. இந்நிலையில், தலையிற் காயத்துடன், உணவு ஏறக்குறைய இன்றி, உறக்கமும் இன்றி, ஷவாஸ் இரண்டு நாட்கள் வேலை செய்தார். நிலையத்துக்கு வந்தோரைக் கவனித்தார். இடையிடையே வெளியே சென்று வராதோரைத் தேடினார். தாமும் தோள்கொடுத்துக் காவினார். ஓகஸ்ட் 2ஆம் திகதி விடியுமுன் குண்டு ஒன்று நிலவறைக்குள்ளேயே வந்து வெடித்தது. உள்ளிருந்தோர் யாவரும் மாண்டனர் அல்லது காயமுற்றனர். ஷவாஸுக்குப் பல காயங்கள்; கொடியது வயிற்றிற் பட்டது. அவர் தவழ்ந்து வெளியேறி, உள்ளே கிடந்தோருக்கு உதவி தேடிச் சேற்றிலே ஊர்ந்து சென்றார். அவரைக் கண்டெடுத்தோர் பின்னே அனுப்பினர்.

அவரைக் கொண்டுசென்ற அம்புலன்ஸ் பிரிவுக்குத் தலைவராயிருந்தவர் ஆதர் மார்ட்டின் லீக் என்ற வைத்தியர். தென்னாபிரிக்க யுத்தத்தில் 1902ஆம் ஆண்டிலும், ஈப்பர் முனையில் 1914ஆம் ஆண்டிலும் விக்டோரியாச் சிலுவை பெற்று, அதனை இருமுறை பெற்ற முதல் மனிதரானவர் அவரே. இந்தியாவில் வங்காள-நாகபுரிப் புகையிரதப் பகுதியில் வைத்தியராயிருந்தவர், 1953வரை வாழ்ந்தார்.

ஈப்பருக்கு மேற்கே நான்கு மைலளவில் பிரான்ட்ஹூக் என்ற ஊரில் 32ஆம் இலக்கச் சத்திர நிலையம் இருந்தது. வயிற்றுக் காயங்களுக்கெனவே அது முன்னணிக்கு இத்துணை அண்மையில் அமைக்கப்பட்டிருந்தது. யுத்தத் தொடக்கத்தில் வயிற்றுக் காயத்தைச் சத்திரமிடாது விடுதலே முறை. இட்டாலும் சாவான், இடாவிட்டாற் சிலர் பிழைக்கலாம் என்பது பழைய யுத்தங்களின் அனுபவம். குடல் கிழிந்தவனைச் சில மணிநேரத்துக்குள் மேசையில் ஏற்றினாற் காக்கலாம் என்பதை 1915ஆம் ஆண்டு முதல் சிலர் துணிந்து காட்டினர். ஆகையாற் சத்திரவைத்தியரும் தாதிமாரும் குண்டு விழும் தூரத்துக்குள்ளேயே கொண்டுவரப்பட்டனர். கேற் லூவாட் என்னும் முதிர்ந்த தாதியார் அங்கே தலைமை வகித்தார். அத்துணை அண்மை ஆபத்தும் தந்தது: அதே மாதம் 21ஆம் திகதி அயலிலிருந்த மற்றொரு நிலையத்திற் குண்டு விழுந்து நெல்லி ஸ்பின்ட்லர் என்ற இளந்தாதி மாண்டார்.

ஷவாஸுக்குச் சத்திரம் செய்யப்பட்டது; குண்டுத் துண்டுகளை எடுத்தனர். இரத்தமேற்றும் முறை அப்போது பரவலாக வழக்கில் வந்திலது. அவர் நினைவோடு இருந்தார். கிளாடிஸுக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதுவித்தார். காயம்பட்ட பின்னும் ஏன் திரும்பிச் சென்றார் என்பதற்கு, கடமை அழைத்தது என்பதன்றி வேறு விளக்கம் அதில் இல்லை. ஓகஸ்ட் 4ஆம் திகதி பிற்பகல் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது முப்பத்திரண்டு. பிரித்தானியா யுத்தத்தில் இறங்கி அன்றோடு சரியாக மூன்று ஆண்டுகள் நிறைந்திருந்தன.

இரண்டாம் சிலுவைக்கான அறிவித்தல் செப்டம்பர் 14ஆம் திகதி வெளியாயிற்று. இரண்டாம் முறை பெறுவோருக்குப் புதிய சிலுவை தருவதில்லை. முன்னையதன் நாடாவிற் பொருத்தச் சிறு சட்டம் ஒன்றே தருவர். அன்றுதொட்டு இன்றுவரை இச்சிறப்பை எய்தியோர் மூவரே. மார்ட்டின் லீக், ஷவாஸ் என்னும் வைத்தியர் இருவரும் நீங்கலாக மூன்றாமவர், இரண்டாம் உலக யுத்தத்திற் பொருத நியூசிலாந்து வீரர் சார்ல்ஸ் அப்பம். ஆயுதம் ஏந்திப் போரிட்டு இச்சிறப்பைப் பெற்றவர் இம்மூவரில் ஒருவரே.

இரட்டையரில் எஞ்சிய கிறிஸ்தோபர் பின்னாளில் ஒக்ஸ்போர்டில் புனித பேதுரு மண்டபத்தின் தலைவராயும், 1940ஆம் ஆண்டு முதல் ரொச்செஸ்டர் அத்தியட்சராயும் இருந்தார். நோயலின் பதக்கங்கள் நெடுங்காலம் அக்கல்லூரியின் உடைமையாயிருந்து, 2009ஆம் ஆண்டிலே பதக்கம் சேகரிப்பவர் ஒருவருக்குப் பெருந்தொகைக்கு விற்கப்பட்டன. 2008ஆம் ஆண்டில் இலிவர்ப்பூலின் அபர்க்குறொம்பிச் சதுக்கத்தில் ஒரு வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. அது ஷவாஸைத் தனியே நிற்பவராகக் காட்டவில்லை. காயப்பட்ட ஒருவனும் காவுவோன் ஒருவனும் உடன் உள்ளனர். சிலைசெய்வோர் பலர்க்கு இத்துணைத் தெளிவு வாய்ப்பதில்லை.

அவர் உடல் பிரான்ட்ஹூக் புதிய இராணுவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அங்குள்ள கற்கள் யாவும் ஒரே அளவின. உத்தியோகத்தருக்கென்றோ சாதாரண வீரனுக்கென்றோ வேறுபாடு இல்லை. அவர் கல்லில் மட்டும் வழக்கமான படைச்சின்னத்தின் கீழே இரண்டு சிலுவைப் பதக்கங்கள் செதுக்கப்பட்டுள்ளன. பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் பராமரிப்பிலுள்ள இலட்சக்கணக்கான கற்களுள் அவ்வாறு இரண்டு செதுக்கிய கல் அது ஒன்றே. தம்பி எய்டனுக்கு அத்தகைய கல் இல்லை. கல்லறை அறியப்படாத ஐம்பத்து நாலாயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்களோடு அவர் பெயரும் ஈப்பரின் மெனின் வாயிலிற் பொறிக்கப்பட்டிருக்கின்றது. யுத்தத்தின் பின் ஈப்பர் நகர மக்கள் தொடங்கிய வழக்கப்படி, அவ்வாயிலில் இன்றும் ஒவ்வொரு நாளும் மாலை எட்டு மணிக்கு எக்காளம் ஊதப்படுகின்றது.